பழைய காரில் கூலண்ட் கசிவு: அறிகுறியைப் பிடித்து இடத்தைக் கண்டுபிடித்தல்

சிங்கப்பூரில் ஒரு காரின் வயது பத்து ஆண்டைத் தாண்டும்போது, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்கும் செலவு, 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும் கூடுதல் சாலை வரி, ஆண்டுதோறும் கட்டாயமாகும் பரிசோதனை ஆகிய மூன்றையும் உரிமையாளர் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறார். ரப்பரும் பிளாஸ்டிக்கும் மூப்படைவதை மட்டும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. இஞ்சினின் இரும்பும் அலுமினியமும் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் அவற்றுக்குள் சுற்றிவந்து இஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலண்டை வெளியே விடாமல் பிடித்துவைத்திருப்பவை ரப்பர் ஹோஸ்களும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிகளும், இணைப்புகளின் இடுக்கை அடைக்கும் மெல்லிய கேஸ்கெட்டுகளும்தான். பத்தாண்டு காலம் நாள்தோறும் கொதிநிலையை நெருங்கிக் குளிர்ந்து, மீண்டும் சூடேறிய பிறகு அவை ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்குகின்றன.

கசிவு என்றதும் எல்லோரும் எங்கே ஒழுகுகிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். எப்போது ஒழுகுகிறது என்று முதலில் கேட்டால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். கார் ஓடும்போதா, நிறுத்திய முதல் அரைமணி நேரத்திலா, இரவு முழுவதும் குளிர்ந்த பிறகா, குளிர்சாதனம் போட்டிருக்கும்போது மட்டுமா என்பதற்கு விடை கிடைத்தால், எந்த உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகிவிடும். கீழே உள்ள ஒவ்வொரு பகுதியும் ஓர் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. உங்கள் காருக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் உடனடியாக அடுத்து வரும் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிச் செல்ல வேண்டாம்.

மூடியில் கை வைப்பதற்கு முன்

ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இஞ்சின் சூடாக இருக்கும்போது உள்ளே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கலாம் என்பதை அது குறிக்கிறது. கிட்டத்தட்ட இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அழுத்தத்தால்தான் உள்ளிருக்கும் நீர்மம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். போனவுடன் நீர்மம் அங்கேயே கொதித்து, முகத்தையும் கையையும் நோக்கிப் பீறிட்டு வரும். ஆகவே இஞ்சினை நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரமாவது கழிந்த பிறகு, மேல் ஹோஸைத் தொட்டுப்பார்த்து அது வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்று உறுதியான பின்னரே திறக்க வேண்டும். காலையில் கார் எடுப்பதற்கு முன் பார்ப்பதே எல்லா வகையிலும் நல்லது.

தேவையானவை அதிகம் இல்லை: வெள்ளை ஒளி தரும் ஒரு டார்ச், ஒரு கட்டு டிஷ்யூ தாள், சிறு கண்ணாடி, பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்த ஓர் அட்டை. இந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடங்களில் பெரும்பாலானோருக்குத் தனக்கென்று நிரந்தரமான இடம் கிடையாது. நேற்று யாருடைய கார் அங்கே நின்றது, அது எதை ஒழுகவிட்டது என்பது நமக்குத் தெரியாது. காலையில் தரையில் தெரியும் கறையைப் பார்த்துப் பயப்படுவதும், கறை இல்லை என்று நிம்மதி அடைவதும் இரண்டுமே தவறாகலாம். இரவில் அட்டையை இஞ்சினுக்கு அடியில் விரித்து, அதன் மேல் முன் சக்கரங்கள் இருக்கும் பக்கத்தைப் பேனாவால் குறித்துவிட்டால், காலையில் அதில் விழுந்த துளி நம்முடையதுதான் என்பது மட்டுமல்லாமல், அது எந்த உறுப்புக்கு நேர் கீழே விழுந்தது என்பதும் தெரிந்துவிடும். பலமாடி நிறுத்துமிடத்தின் மங்கலான விளக்கில் இளஞ்சிவப்பு நிறம் பழுப்பாகத் தெரியும். டிஷ்யூவில் ஒற்றியெடுத்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் உண்மையான நிறம் தெரியும்.

இன்னொன்று. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நச்சு. புளோக்குக்கு அடியில் உலவும் பூனைகள் அதை நக்கினால் சிறிதளவே போதும், சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். சிந்தியதை உடனே துடைத்தெடுக்க வேண்டும். வடிகாலிலும் ஊற்றக்கூடாது, தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், மழைநீர் வடிகாலில் போவது பெரும்பாலும் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது.

அறிகுறி: தரையில் நிறமற்ற நீர்

இது பெரும்பாலும் கசிவே அன்று. இங்குள்ள ஈரப்பதத்தில் குளிர்சாதனம் ஓடும் கார், காற்றிலிருந்து பிரித்தெடுத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள கார்களில் அந்த வடிகுழாய் பொதுவாக இடப்பக்கப் பயணி கால் வைக்கும் இடத்துக்குக் கீழே, இஞ்சினுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். நீர் தெளிவாகவும், மணமில்லாமலும், விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமலும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் முந்தைய உரிமையாளர் கூலண்டுக்குப் பதிலாக வெறும் குழாய்நீரை ஊற்றியே ஓட்டியிருந்தால், கசிவும் நிறமற்றதாகத்தான் இருக்கும். ஆகவே ரேடியேட்டரின் மிகுதிக் கூலண்ட் சேரும் ரிசர்வ் தொட்டியின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: காலையில் வண்ணத் துளிகள்

அட்டையின் எந்தப் பகுதியில் துளி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பம்பருக்கு நேர் பின்னால், காரின் அகலத்தில் எங்கேனும் விழுந்திருந்தால் ரேடியேட்டரையோ அதன் இரண்டு ஹோஸ்களையோ சந்தேகிக்கலாம். பெல்ட்டுகள் இருக்கும் பக்கத்தில் விழுந்திருந்தால் கூலண்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப். இஞ்சினுக்குப் பின்புறம், பயணியர் பகுதியைப் பிரிக்கும் இரும்புச் சுவரை ஒட்டி விழுந்திருந்தால் ஹீட்டருக்குப் போகும் குழாய்கள். ஆனால் நீர்மம் விழும் இடமும் புறப்படும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது அடித்தட்டிலும் குறுக்குச்சட்டத்திலும் ஓடி, தாழ்ந்த ஒரு முனையில் சேர்ந்து அங்கிருந்து சொட்டும். எனவே ஈரத்தைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து சென்று, மிக உயரத்தில் ஈரமாக இருக்கும் புள்ளியைக் கண்டுபிடிப்பதே முறை.

இப்போதைய ரேடியேட்டர்களில் நடுவில் அலுமினிய வலையும், இரண்டு ஓரங்களிலோ மேலும் கீழுமோ கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு ரப்பர் கேஸ்கெட்டை வைத்து, அலுமினியத்தின் ஓரத்தை மடக்கி அழுத்தியிருப்பார்கள். வயதான ரேடியேட்டரில் முதலில் விட்டுக்கொடுப்பது இந்த மடிப்பும், மேல் ஹோஸ் நுழையும் பிளாஸ்டிக் கழுத்துமே. கறுப்பாக இருந்த பிளாஸ்டிக், தேநீர்ப் பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தால் அது உடையும் தன்மையை அடைந்துவிட்டது என்று பொருள். இன்னும் ஒழுகாவிட்டாலும் அதை மாற்றத் திட்டமிடலாம். பசையோ எப்பாக்சியோ பூசி அதைக் காப்பாற்ற முயல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிளவு அழுத்தத்தில் திறக்கும்போது பூச்சு அதனுடன் சேர்ந்தே பிளக்கும்.

ஹோஸ்களைக் குளிர்ந்த நிலையில் விரல்களால் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் உறுதியாக, சற்று நெகிழ்ந்து கொடுக்கும். ஹோஸின் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்கு அருகில் மட்டும் பஞ்சுபோல மென்மையாக இருந்தாலோ, அமுக்கும்போது உள்ளே நொறுங்கும் ஓசை கேட்டாலோ, கிளாம்ப்புக்கு வெளியே ரப்பர் உப்பியிருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ரப்பர் உள்ளிருந்து வெளியாக அரிக்கப்படுவதால் வெளித்தோற்றம் பளபளப்பாக இருப்பது ஒரு சான்றே அன்று. கசிவு கிளாம்ப்பின் இடத்தில்தான் என்று தெரிந்தால், திருகி இறுக்கும் வகைக் கிளாம்ப்பை ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் இறுக்கினால் அடியிலுள்ள பிளாஸ்டிக் கழுத்து உடையும். தொழிற்சாலையில் போட்டுவரும் ஸ்பிரிங் வகைக் கிளாம்ப், ரப்பர் சுருங்கினாலும் விரிந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் என்பதால், அதே வகையைத் திரும்பப் போடுவதே மேல்.

வாட்டர் பம்பைப் பொறுத்தவரை, அதைத் தயாரித்தவரே கசிவுக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார். சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், நீர் அதன் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறட்டும் என்பதற்காக, பம்பின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையிலிருந்து கீழ்நோக்கி இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ காய்ந்துபோன ஒரு கோடு ஓடியிருந்தால் பம்பை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இஞ்சின் நின்றிருக்கும்போது பம்பின் கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, ஆட்டம் தெரிந்தால் ஐயமே வேண்டாம். இஞ்சினின் உள்ளியக்கத்தை ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட்டே பம்பையும் சுற்றும் வகை இஞ்சினில், பெல்ட்டையும் பம்பையும் ஒரே வேலையில் மாற்றிவிடுவது வழக்கம். பிரிக்கும் கூலி ஒன்றே என்பது ஒரு காரணம், கசியும் பம்ப் டைமிங் பெல்ட்டை நனைத்துக் கெடுத்தால் இஞ்சினே போய்விடக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அறிகுறி: அளவு குறைகிறது, தரை காய்ந்திருக்கிறது

மிகுதியான குழப்பத்தைத் தருவது இதுதான். ரிசர்வ் தொட்டியில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வர பல மாதங்கள் ஆனால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ இறங்கினால், நீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு மூன்று வழிகள் உண்டு: சூடான உலோகத்தில் விழுந்து தரையை எட்டும் முன்பே ஆவியாகிறது; மூடி வழியாக வெளியேறுகிறது; இல்லையேல் இஞ்சினுக்குள்ளேயே எரிகிறது.

முதல் வகையை மணத்தாலும் தடயத்தாலும் பிடிக்கலாம். தீவு விரைவுச்சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவந்து, நிறுத்தி, பானட்டைத் திறந்தவுடன் வெல்லப்பாகு லேசாகக் கருகியதுபோன்ற ஓர் இனிப்பு மணம் எழுந்தால், கூலண்ட் சூடான எதன்மீதோ பட்டுக்கொண்டிருக்கிறது. நீர் ஆவியாகிப் போனாலும் அதில் கரைந்திருக்கும் சாயமும் உப்புகளும் போவதில்லை. அவை வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பொருக்காகப் படிந்துவிடும். டார்ச்சையும் கண்ணாடியையும் வைத்து இணைப்புகள் ஒவ்வொன்றையும் பார்த்துவந்தால் இந்தப் பொருக்கு அகப்படும். வெப்பத்துக்கேற்பக் கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் உறை விளிம்பு, இஞ்சினின் பின்பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குழாய், எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் உள்ள வட்ட இரும்பு அடைப்புகள் ஆகியவற்றைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அந்த இரும்பு அடைப்புகள், ஆண்டுக்கணக்கில் குழாய்நீரிலேயே ஓட்டிய இஞ்சின்களில் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழுவதுண்டு.

கண்ணுக்கு அகப்படாவிட்டால் அழுத்தச் சோதனைதான் வழி. ரேடியேட்டர் மூடியின் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் விட்டுவைப்பார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. அந்த நேரத்தில் இஞ்சின் ஓடாமல் இருப்பதால், சொட்டுவதைப் பயமில்லாமல் அருகில் சென்று பார்க்கலாம். மூடியில் எழுதியதைவிடக் கூடுதலாக ஏற்றினால் நல்ல நிலையில் உள்ள பழைய ரேடியேட்டரும் பிளந்துவிடக்கூடும். அதே கருவியில் மூடியைத் தனியாகப் பொருத்தி அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். மூடி மலிவானது, அதனாலோ என்னவோ அதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் அதன் விசை தளர்ந்தால், நீர்மம் ஒவ்வொரு பயணத்திலும் ரிசர்வ் தொட்டிக்குப் பாய்ந்து அங்கிருந்து வழிந்துவிடும்.

சோதனையில் முள் இறங்குகிறது, வெளியில் எங்கும் ஈரமில்லை என்றால், கூலண்டில் புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு அதற்கான விளக்கால் பார்க்கலாம். அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால், இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகித்து, கீழே வெண்புகை பற்றிய பகுதிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: குளிர்ந்திருக்கும்போது மட்டும் கசிகிறது

பதின்மூன்று வயதான என் ஜப்பானியக் காரில் நடந்தது இது. அளவு வாரத்துக்கு வாரம் குறைந்தது. பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சூடாக இருந்த காரை உயர்த்திப் பார்த்தார்கள், ரேடியேட்டரின் ஓரத்தில் பழைய கறை ஒன்றைக் காட்டி, அதை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். அளவு தொடர்ந்து குறைந்தது. மூன்று மாதம் கழித்து வேறொரு பட்டறைக்காரர், காரை மாலையில் விட்டுவிட்டுப் போங்கள், காலையில் குளிர்ந்த பிறகு பார்க்கிறேன் என்றார். மறுநாள் இஞ்சினைத் தொடங்காமலேயே அழுத்தம் ஏற்றினார். இஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் உடலுக்கு அடியில், சுண்டுவிரல் தடிமனுள்ள ஒரு சிறு ஹோஸின் முனையிலிருந்து ஐந்து நிமிடத்தில் சொட்டத் தொடங்கியது. இஞ்சின் சூடானால் உலோகக் கழுத்து விரிந்து அந்த இணைப்பை அடைத்துவிடும். மிச்சம் கசிந்ததும் இஞ்சினின் சூட்டில் காய்ந்துவிடும். முதல் பட்டறையை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. கசிவு மறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் காரைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

ஆகவே காலைத் துளிகள் உண்டு, மாலையில் ஒன்றுமில்லை என்றால், காரை இரவே விட்டுவைத்துக் குளிர்ந்த நிலையில் அழுத்தச் சோதனை செய்யுமாறு தெளிவாகக் கேளுங்கள். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ வரிசையாக இருக்கும் பட்டறைகளில் இதற்கு மறுப்புச் சொல்பவர் குறைவு. கேட்காமல் செய்பவரும் குறைவு.

அறிகுறி: காருக்குள் இனிப்பு மணம், ஈரமான கால்விரிப்பு

முன்கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான மூட்டம் படிகிறதா, இடப்பக்கக் கால்விரிப்பு நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைத்திருப்பது வெறும் நீராக இருந்தால் குளிர்சாதன வடிகுழாய் அடைத்திருக்கலாம். வழுவழுப்பாக, மணத்துடன் இருந்தால் டேஷ்போர்டுக்குள் உள்ள ஹீட்டர் ரேடியேட்டர் ஓட்டையாகிவிட்டது. இதை மாற்ற டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியிருப்பதால் கூலி பொருளின் விலையைவிடப் பல மடங்காகிவிடும். ஆண்டு முழுவதும் 31, 32 டிகிரியில் வாழும் நமக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்டு, இஞ்சின் பக்கத்திலேயே அதன் இரண்டு குழாய்களையும் ஒன்றாக இணைத்துவிடுவோர் உண்டு. நியாயமான தீர்வுதான், ஆனால் கூலண்டின் சுற்றோட்டம் தடைப்படாதவாறு இரண்டையும் இணைக்க வேண்டும், தனித்தனியாக அடைத்துவிடக்கூடாது.

அறிகுறி: ரிசர்வ் தொட்டி வழிகிறது, அல்லது மேல் ஹோஸ் சப்பையாகிறது

இரண்டும் மூடியைச் சுட்டுகின்றன. மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு: சூடாகும்போது மிகுதியை ரிசர்வ் தொட்டிக்கு அனுப்புவது ஒன்று, குளிரும்போது அதைத் திரும்ப உள்ளே இழுப்பது மற்றொன்று. இரண்டாவது சிக்கிக்கொண்டால், குளிர்ந்த இஞ்சினுக்குள் வெற்றிடம் உண்டாகி மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டதுபோல் சப்பையாகும். தொட்டியோ நிரம்பியே இருக்கும். தொட்டியைப் பார்த்து அளவு சரி என்று நம்பிக்கொண்டிருப்பவரின் ரேடியேட்டர் அந்நேரம் காலியாகிக்கொண்டிருக்கலாம். புது மூடி வாங்கும்போது அதே எண்ணுள்ளதை வாங்குங்கள். கூடுதல் எண் கூடுதல் பாதுகாப்பு என்பது தவறான கணக்கு.

மூடியை மாற்றியும் வழிந்தால் விசிறியைப் பாருங்கள். ஓடும்போது வெப்ப முள் நடுவில் நிற்கிறது, உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் வரிசையில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு நின்றால் மட்டும் ஏறுகிறது என்பது விசிறி நின்றுபோனதன் தெளிவான அடையாளம். அங்கே கொதித்து வழிவது ஓட்டையால் அன்று. நிறுத்திய காரில் இஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டால், பெரும்பாலான கார்களில் விசிறி உடனே சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: காலையில் வெண்புகை, தொட்டியில் குமிழிகள்

குளிர்காலம் இல்லாத ஊரில் எக்ஸாஸ்ட்டிலிருந்து அடர்ந்த வெண்புகை வந்து, சில நிமிடங்கள் கழித்தும் நிற்காமல், இனிப்பு மணத்துடன் இருந்தால் அதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. இரவில் கூலண்ட் ஒரு சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால், காலையில் தொடங்கும்போது இஞ்சின் முதல் சில நொடிகள் நடுங்கி, பிறகு சீராகும். குளிர்ந்த இஞ்சினைத் தொடங்கிய இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மேல் ஹோஸ் கல்போல் இறுகினால், அது நீரின் சூட்டால் வந்த அழுத்தம் அன்று. சிலிண்டரில் எரிந்த வாயு ஹெட் கேஸ்கெட்டைத் தாண்டிக் கூலண்டுக்குள் நுழைகிறது. தொட்டியில் எழும் குமிழிகளும் அதுதான். இதை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு: ரேடியேட்டரின் வாயில் ஒரு குழலை வைத்து, அங்கிருந்து எழும் காற்றை நீலநிற நீர்மத்தின் வழியே இழுப்பார்கள், பெட்ரோல் இஞ்சினில் கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

இஞ்சின் எண்ணெயின் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் உள்ள எண்ணெய், பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் இஞ்சினைத் தொடங்கவே வேண்டாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்குழம்பு படிந்திருப்பது வேறு. குறுகிய தூரம் மட்டும் ஓடும் கார்களில் ஈரப்பதம் தேங்கி அவ்வாறு ஆவதுண்டு.

ஆட்டோ கியர் உள்ள கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் ஒரு தொட்டிக்குள் இருப்பது வழக்கம். அது உள்ளே உடைந்தால் கூலண்டும் கியர் எண்ணெயும் கலந்து இளஞ்சிவப்புக் குழம்பாகும். காரை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டுவது கியர்பாக்ஸுக்கு ஆபத்து.

அறிகுறி: ஓடும்போது முள் ஏறுகிறது

பல கார்களின் வெப்ப முள், உண்மையான வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்குமாறு வடிவமைக்கப்பட்டது. எனவே அது நடுவைத் தாண்டுகிறது என்றால் நிலைமை முன்பே முற்றிவிட்டது. குளிர்சாதனத்தை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதை உச்சத்தில் வைத்து, இடப்பக்கம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். கூலண்ட் பெரும்பகுதி போய்விட்டால் உணரி நீரில் நனையாமல் காற்றில் நிற்கும். அப்போது முள் திடீரென்று கீழே இறங்குவதும் உண்டு. அதைக் கண்டு ஆறிவிட்டது என்று ஓட்டிச் சென்றவர்களின் இஞ்சின்கள்தான் ஹெட் வளைந்து பட்டறைக்கு வருகின்றன. விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மீட்புச் சேவை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். அதற்குள் சாலையோரத்தில் மூடியைத் திறந்து நீர் ஊற்ற முயல வேண்டாம்.

சரிசெய்தலும் மீண்டும் நிரப்பலும்

கசிவை அடைக்கும் திரவத்தை டப்பாவில் வாங்கி ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊரில் லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைப் போட்டு அடுத்த ஊர் வரை சமாளிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். டப்பாவில் உள்ளதும் அதே வேலையைத்தான் சற்று நாகரிகமாகச் செய்கிறது. ஓட்டையை அடைக்கும் பொருள் ஓட்டையை மட்டும் அடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ரேடியேட்டரின் நுண்குழல்களையும் அது அடைக்கும். இன்னும் இரண்டு மாதத்தில் பதிவை ரத்துசெய்யப்போகிற காருக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம்.

உறுப்பை மாற்றிய பிறகு எந்தக் கூலண்டை ஊற்றுவது என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். நிறம் ஒரு சாயம் மட்டுமே. ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதியியல் கொண்டவை விற்கப்படுகின்றன. காரின் கையேட்டில் குறிப்பிட்ட வகையைப் பாருங்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பாஸ்பேட் கலந்த வகையையும், ஐரோப்பியர்கள் சிலிக்கேட் கலந்ததையோ இரண்டும் இல்லாததையோ பயன்படுத்துகிறார்கள். முன்பு என்ன ஊற்றியிருந்தது என்று தெரியாவிட்டால் முழுவதையும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை அலசிவிடுங்கள். உறைபனி இல்லாத ஊரில் வெறும் நீர் போதாதா என்ற வாதம் இங்கே அடிக்கடி கேட்கும். கூலண்ட் உறைவதைத் தடுப்பது அதன் பணிகளில் ஒன்று மட்டுமே. துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், பம்பின் சீலை வழவழப்பாக வைத்திருப்பதும் நமக்கும் தேவை. சரிபாதி கலந்து வரும் வகையை வாங்கினால் அளக்கும் வேலையும் மிச்சம்.

நிரப்பும்போது காற்று சிக்கிக்கொள்வதுதான் கடைசித் தொல்லை. மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறிமாறி அமுக்கி, குமிழிகள் நிற்கும்வரை காத்திருங்கள். காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்திவிடுங்கள். ஹீட்டரை உச்சத்தில் வைத்து, மூடியைத் திறந்தபடியே இஞ்சினை ஓடவிட்டு, அளவு இறங்க இறங்கச் சிறிது சிறிதாக ஊற்றி, நீர் சூடேறி உயரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரியை ஒட்டித் திறப்பதுதான் பல கார்களில் வழக்கம். அது திறந்ததும் கீழ் ஹோஸ் திடீரென்று சூடாகும். விசிறி இரண்டு முறை சுழன்று நின்ற பிறகு இஞ்சினை அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து, குறைந்த அளவை நிரப்புங்கள். அந்த முதல் குறைவு உள்ளே சிக்கியிருந்த காற்றின் இடம். அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம். அதன்பின் ஒரு வாரத்துக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில், குளிர்ந்த நிலையில் ரிசர்வ் தொட்டியின் மட்டத்தை மார்க்கர் கோட்டால் குறித்துவாருங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் கோடு இறங்கினால், அட்டையை மீண்டும் இஞ்சினுக்கு அடியில் விரிக்க வேண்டியதுதான்.